ரவை தூவியது போன்ற மீன்கள்

பதுளையில் எனக்கு மோலி மீன் விற்ற கடைக்காரர், நோய் மீன் என்று தெரிந்தேதான் விற்றார்.

அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளிருக்கு வந்ததும் மீன்களின் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பாதி செத்துப்போயின.

போனில் கேட்டால், "தோட்டத்து லயத்துல மீன் வளர்த்தா அப்படித்தான் தம்பி. வந்து மருந்து வாங்கிட்டுப் போங்க" என்றார்.

நான் வாங்கவில்லை. கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். சுடுதண்ணீர் நிரப்பி இறுக மூடிய போத்தல்களை மிதக்கவிட்டு, தொட்டியை மெல்ல மெல்லச் சூடாக்கினேன். தங்கச்சியும் நானும் முறை வைத்துப் போத்தல் மாற்றினோம். மிச்ச மீன்கள் பிழைத்துக்கொண்டன.

இன்று பழிவாங்கத்தான் கடைக்குப் போனேன்.

அதே தொட்டி, அதே புள்ளிகள். ஓர் அக்கா மோலி வாங்கிப் பையைக் கையில் பிடித்திருந்தார்.

"அக்கா, அது சீக்கு மீன். வாங்காதீங்க" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. கல்லுப்பு வைத்தியத்தையும் சேர்த்தே சொன்னேன்.

"யாவாரத்தக் கெடுக்காதீங்க தம்பி!"

"நீங்க மத்தவங்க வீட்டுத் தொட்டியக் கெடுக்கலாமா?"

அக்கா பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"லயத்துலதான் சீக்கு வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? இப்ப இந்த அக்கா முன்னுக்குச் சொல்லுங்க, எங்கேருந்து வந்துச்சு?"

கடைக்காரர் தொட்டியின் லைட்டை அணைத்தார்.