பெரியம்மா சுமந்த துப்பாக்கி

எங்கள் பெரியப்பாவிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. இலஞ்சியில் எங்கள் தோப்புக்கு மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். அதை விரட்டத்தான் அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். அவர் சுட்டு ஒரு பன்றியாவது விழுந்ததாக எனக்குத் தெரியாது. ஆனாலும் உறையிலிருந்து அதை எடுத்து அவர் எண்ணெய் போடும்போது, பிள்ளைகள் நாங்கள் மூச்சுவிடாமல் நின்று பார்ப்போம்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில், பெரியப்பாவுக்குக் கண் மங்கியது. துப்பாக்கியை விற்றுவிடலாம் என்றார். மறுநாள் காலையே செங்கோட்டையிலிருந்து சித்தப்பா வந்து நின்றார். பெரியம்மாவின் தங்கையைக் கட்டியவர். ஜீப் வைத்திருந்தார், சத்தமாகச் சிரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். லைசென்ஸ் மட்டும் அவரிடம் இல்லை.

“இப்பக் குடுங்க அண்ணாச்சி, பேப்பர் பின்னால வரும்” என்றார்.

“வாங்குதவரு எப்படின்னு போலீஸ் விசாரிச்சு எழுதணும்லா? அது முடியட்டும், குடுப்போம்” என்றாள் பெரியம்மா.

தெரிந்த மனுஷனைப் பற்றி சர்க்கார் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது என்றார் அப்பா. தாலுகா ஆபீஸுக்கு அலைந்தே செருப்புத் தேய்ந்துவிடும் என்றார் மாமா. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று பெரியப்பா இழுத்தார். ஆனால் அவர் கை உறையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன மதினி, என்னையப் போயி சந்தேகப்படுதியளா?” சித்தப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“பொண்ணைத்தான் விசாரிக்காமக் குடுத்துட்டோம். துப்பாக்கியையாவது விசாரிச்சுக் குடுப்போம்” என்றாள் பெரியம்மா.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா எழுந்து உறையைப் பிடிக்க வந்தார். அதற்குள் பெரியம்மா அதை வாங்கி, துப்பாக்கியை உருவி, குழலை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அவளுக்கு அதெல்லாம் தெரியும் என்பது பெரியப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது. பிறகு அதைத் தோளில் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் தோட்டாப் பெட்டியும் லைசென்ஸுமாகப் பெரியப்பா. சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலம் ரோட்டில், அருவிக்குத் துண்டோடு போய்க்கொண்டிருந்த சீசன் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு பஸ் நின்றேவிட்டது. சாமி புறப்பாட்டில்கூட ஜனங்கள் அப்படி வாயடைத்து நின்று நான் பார்த்ததில்லை. பெரியம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த முந்தானையோடு அவள் நடந்த நடையைப் பார்த்தபோது, மலையே எழுந்து முன்னால் போகிறாற்போல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா எழுந்து நின்றுவிட்டார்.

“இதைத் தூக்கிட்டு வர உங்களுக்கு லைசென்ஸ் உண்டாம்மா?”

“லைசென்ஸ்காரரு பின்னால வாராரு. விக்கது வரைக்கும் இது இங்கன இருக்கட்டும்.”

பிறகு முறைப்படி விசாரணை முடிந்து, லைசென்ஸ் உள்ள ஒரு தோட்டக்காரர் அதை வாங்கிப் போனார். சித்தப்பா எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை.

மறு வருஷம் கோயில் தேரோட்டத்தில் சித்தியைப் பார்த்தோம். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

“அன்னைக்கு மட்டும் நீ குடுத்திருந்தா, அக்கா...” என்று ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

கொடுத்திருந்தால் சித்தப்பா கோபித்திருக்க மாட்டார், இரண்டு வீடும் பிரிந்திருக்காது, அதற்காகத்தான் அழுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியம்மா மேல் அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.