வாய் திறந்த பிள்ளைகள்

ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெருவில் வேட்டு வெடித்தாலும் இப்போது என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. கல்யாணமோ சாவோ, சத்தம் ஓயும்வரை மூடுவதில்லை. பார்ப்பவர்கள் கொட்டாவி என்று நினைக்கலாம். ஐம்பது வயதில் தொற்றிக்கொண்ட இந்தப் பழக்கம், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஓர் ஓவியரிடமிருந்து வந்தது.

துவாக்குடிச் சாலையை ஒட்டிய அகதி முகாமில், ஒற்றை அறையில், தம்பியோடு இருந்தார் அக்கா. ஒன்பது வயதில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். வரைந்ததெல்லாம் பிள்ளைகள். செம்மண் நிறத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து வாயை அகலத் திறந்த பிள்ளைகள். தம்பிக்குக் காது கேட்காது. பகலெல்லாம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்து, சாயங்காலம் அக்காவுக்கு வண்ணம் குழைத்துக் கொடுப்பார்.

அக்காவின் முதல் கண்காட்சிக்கு, சுவரில் ஒட்ட நான்கு வரி என்னிடம் கேட்டிருந்தார்கள். மார்கழி விடியலில் பாசுரம் கேட்டு வளர்ந்தவன் நான். திறந்த வாயைக் கண்டால் எனக்குப் பாட்டுதான். ‘பாடும் பிள்ளைகள்’ என்று தலைப்பிட்டு முகாமுக்கு எடுத்துப் போனேன். பெரிய படத்தின் ஓரத்தில் ஒரு குட்டிப் பையனின் வாயை மட்டும் ஒரு சிறுமியின் கை பொத்தியிருந்தது.

“எல்லாரும் பாடுறாங்க, இவனை மட்டும் ஏங்க பாடவிட மாட்டேங்கறீங்க?”

“என்ர தம்பியும் அதைத்தான் கேக்கிறவன். இவனுக்குக் குரல் சரியில்லையோ எண்டு சைகை காட்டிச் சிரிப்பான்.” அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். “கவிஞருக்கு எல்லாமே பாட்டு. ஆரும் பாடேல்ல. ஷெல் விழேக்க வாயைத் திறந்து வைச்சிருக்கோணும், இல்லாட்டிக் காது போயிடும் எண்டு அம்மா பழக்கினவ. பங்கர்க் குழிக்குள்ள தம்பி வீரிட்டு அழுதவன். வெளிய ஆமிக்குக் கேட்டிடும் எண்ட பயத்தில நான் வாயைப் பொத்தினன். அப்பதான் விழுந்தது.”

தம்பிக்கு அப்போது மூன்று வயது. காது போனது ஷெல் குண்டால் என்று மட்டும் அவருக்குத் தெரியும். வாசலில் சாம்பல் நிறத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

எழுதுகிறவர்கள் நாங்கள் உண்மை, உண்மை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது யார் வீட்டில் போய்க் குடியிருக்கப்போகிறது என்று கேட்பதில்லை. என் தப்பான தலைப்பை ஒட்டிவிட்டால் தம்பி வாசித்துச் சிரித்துவிட்டுப் போவார். சரியானதை எழுதினால், இத்தனை வருஷம் தனக்குச் சோறு போட்ட கையை அவர் வேறு மாதிரி பார்ப்பார். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை வந்த அக்கா, குனிந்திருந்த தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“உள்ளதையே எழுதுங்கோ, கவிஞரே. ஆனா ரெண்டு நாள் பொறுத்து எழுதுங்கோ. முதல்ல நான் இவனுக்கு எழுதிக் காட்டோணும்.”