திருகோணமலையில் ஐந்து கிளாஸ் சோடா குடித்து நான் வென்ற கலியாணம்

இந்த வருஷம் வைகாசியில், ஒரு சனிக்கிழமை, வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போனேன். கடலில் குளிக்கப் போகவில்லை, கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்கவும் போகவில்லை. சோடா குடிக்கப் போனேன். சிரிக்காதீர்கள். அந்தச் சோடாவில் என் ஒரே மகளின் கலியாணம் மிதந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் தகப்பன் தவராசா முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணத்தைத் திருகோணமலையில் மண்டபம் எடுத்துச் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எங்களுக்கு வவுனியாவில், எங்கள் வாசலில் பந்தல் போட்டே ஆகவேண்டும். என் மனுசிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து கொஞ்சக் காலம்தான். மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு இருக்க அவளுக்கு ஏலாது. "அம்மா வராத கலியாணத்தில நான் மணவறை ஏற மாட்டன்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

போனில் கதைத்துக் கதைத்து ஒன்றும் சரிவராத ஒரு நாள், நான் வாயை விட்டேன். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷம் சோடா, சர்பத் விற்கிற கூல் பார் நடத்தியவன் நான். "சம்மந்தி, உலகத்தில எந்தச் சோடாவையும் என்ரை நாக்கில விடுங்கோ, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு சொல்லுவன்" என்றேன். மனுசன் அதையே பிடித்துக்கொண்டார்.

"அப்ப வாங்கோ. கடைசிக் கப்பல்ல கொண்டு வந்த போத்தல் அஞ்சு கிடக்கு. அஞ்சையும் சரியாச் சொன்னா நாங்கள் வவுனியாவுக்கு வாறம். ஒண்டு பிழைச்சாலும் நீங்கள் இஞ்சை வாறியள்."

காலை ஆறு மணி பஸ். ஹொரவப்பொத்தானை வழியாகக் கிட்டத்தட்டத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். வலப்பக்க யன்னலோரம் இருந்தால் காலை வெயில் குறைவு. வழி நெடுக நான் ஒன்றும் சாப்பிடவில்லை, நாக்கைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமே. ஒரு வடை மட்டும் சாப்பிட்டேன். சரி, இரண்டு.

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினால் மான்கள் குப்பைத்தொட்டியில் வாழைப்பழத் தோல் தேடும். பயப்படாதீர்கள், அவை ஊர்க்காரர். ஓட்டோக்காரர் ரமீஸ், கிண்ணியா ஆள், உட்துறைமுக வீதிக்கு ஐந்நூறு கேட்டார். முந்நூற்றைம்பதுக்கு இறக்கினேன். போகிற வழியில் கதையைச் சொன்னதும் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டார்.

"சோடாக் குடிச்சுக் கலியாணம் பேசுறீங்களா ஐயா? நடுவர் யாரு?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை."

"அப்ப நான்தான்" என்றார். காசை நான் நீட்டியும் அவர் திரும்பிப் போகவில்லை.

தவராசாவின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து உட்துறைமுகம் முழுதும் தெரியும். எதிரே சீனன்குடாப் பக்கம் இரண்டு கப்பல், தட்டில் வைத்த கொழுக்கட்டை போல அசையாமல் நின்றன. ஒரு கதிரையில் என்னை இருத்தி, சால்வையால் கண்ணைக் கட்டினார்கள். பார்க்க நாற்பது பேர் கூடியிருந்தார்கள். ரமீஸைக் கேட்டால் நாலு பேர் என்பார். மதிலடி மான்களை அவர் எண்ணவில்லை.

முதல் போத்தலுக்கு நாக்கே தேவைப்படவில்லை. திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு கண்ணாடிக்குள் ஏதோ உருண்டது.

"போளைச் சோடா! கழுத்தில கண்ணாடிக் குண்டு. உள்ளுக்குத் தேசிக்காய் வாசமும் சீனியும்."

ஜப்பான் சோடாவாம். ஜப்பான்காரனும் கழுத்தில் குண்டு வைத்திருக்கிறான் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவதைக் குடித்ததும் காது இரண்டும் பின்னுக்குப் போய் வந்தன. ஊறுகாய்ப் போத்தல் கழுவின தண்ணீர் போலப் புளிப்பு, உப்பு, உறைப்பு. "கரட்டை உப்புத் தண்ணியில ஊறப்போட்டு எடுத்தது" என்றேன். துருக்கியில் இறைச்சி சாப்பிடும்போது இதைக் குடிப்பார்களாம். மூன்றாவது ஈரான். காஸ் அடித்த மோர், புதினா போட்டது. நம்பாதவர்கள் மோருக்குள் சோடா ஊற்றிக் குடித்துப் பாருங்கள், வெயிலுக்கு ராசா.

நாலாவதைத் தவராசா ஊற்றும்போது, "இது அமெரிக்கா பியர்" என்று ரமீஸுக்கும் ஒரு கிளாஸ் நீட்டியிருக்கிறார்.

"பியரா? எனக்கு வேணாம்."

"இதில வெறி இல்லை நானா. நீங்கள் ஜிஞ்சர் பியர் குடிக்கிறேல்லையோ?"

"அது ஜிஞ்சர் பியர். அது வேற."

"என்ன வேற?"

"அது உம்மா வாங்கித் தந்தது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வாய்க்குள் தலையிடித் தைலம் நின்றது. தைலத்துக்கு அடியில் நன்னாரியைப் போல ஒரு வேர். "வேர் அவிச்ச தண்ணி" என்றேன். அமெரிக்காவில் அதற்குப் பேர் ரூட் பியராம். "சரி" என்ற தவராசாவின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இஞ்சாரும்! கடைசிச் சோடாவைக் கொண்டு வாரும்" என்று கீழே குசினியைப் பார்த்துக் கத்தினார். அவருடைய மனைவி புஷ்பம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். கிளாஸ் என் கைக்கு வந்தது. ஒரு மிடறு. தேசிக்காய்ப் புளி, உப்பு, நுரை, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு சவர்க்கார வழுக்கல். எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்பச் சோடா! அப்ப மாவுக்குப் போடுற சோடாத்தூளும் தேசிக்காயும் உப்பும்."

தவராசா கை தட்டினார், எனக்கல்ல. "பிழை! பிழை! அது வியட்நாம். தேசிக்காயை உப்பில ஊறப்போட்டுக் காஸ் அடிச்சது. அதில எங்கை அப்பச் சோடா? சம்மந்தி, மண்டபத்துக்கு நாள் பாப்பம்."

சால்வைக்குள் என் கண் இருண்டது, ஏற்கெனவே இருட்டுத்தான், ஆனாலும் இருண்டது. மனுசி படலையடியில் ஊன்றுகோலோடு நின்று எங்களை வழியனுப்புகிற மாதிரி ஒரு காட்சி வந்தது. ஆனால் என் நாக்கு பொய் சொல்லாது.

"போத்தலைக் காட்டுங்கோ" என்றேன்.

"காட்டுறன். இஞ்சாரும், போத்தல் எங்கை?"

நான் சால்வையைக் கழற்றினேன். புஷ்பம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"போன கிழமை எனக்கு வாய்வு பிடிச்சு நெஞ்சை அடைச்சுது. அதைக் குடிச்சிட்டன்" என்றார். "இண்டைக்குக் கேட்டா என்ன செய்யிறது? குசினியில கலக்கினன்."

"சோடாவைத்தானே கொண்டு வரச் சொன்னனான்!"

"இதுவும் சோடாதான். எந்தச் சோடா எண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

தவராசா விடவில்லை. "அப்ப இந்தக் கிளாஸ் கணக்கில்லை. என்ரை போத்தல் இல்லையே" என்றார். அப்போதுதான் ரமீஸ் எழும்பினார். அவர் போட்ட சத்தத்துக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் திரும்பிப் பார்த்திருக்கும்.

"கப்பல்காரையா, உங்கட கேள்வி என்ன? உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டுதானே? போத்தல்ல என்ன எழுதியிருக்கு எண்டு கேக்கல்லியே. கிளாஸுக்குள்ள இருந்தத அவர் சொல்லிட்டாரு. அஞ்சும் சரி."

தவராசா அந்தக் கிளாஸை வாங்கித் தானும் ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, "முப்பது வருஷம் சமைச்சவன், என்ரை குசினியையே எனக்குத் தெரியேல்லை" என்றார். என் கையைப் பிடித்தார். "எத்தினை பேருக்குப் பந்தல் போடுவியள், சம்மந்தி?"

நீங்கள் போவதானால் சில விஷயம். காலை பஸ்ஸிலேயே போங்கள், பின்னேரம் திரும்பலாம். கட்டணம் அடிக்கடி மாறுவதால் கொண்டக்டரைக் கேளுங்கள். ஓட்டோவில் ஏற முன் பேசி ஏறுங்கள். கடற்படைப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். துருக்கிச் சோடா கிடைத்தால் வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். திருகோணமலையில் மட்டுமல்ல, தமிழர் வீடு எதிலும் 'சோடா' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள்.

மொட்டை மாடியில் நின்றபடியே வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"கலியாணம் எங்கை?" என்றாள் மனுசி, எடுத்தவுடனேயே.

"உன்ரை வாசல்ல. அஞ்சு நாட்டுச் சோடாவையும் என்ரை நாக்கு வெண்டிட்டுது" என்று தொடங்கி, ஜப்பானிலிருந்து வியட்நாம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அப்பச் சோடா வந்ததும் மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது.

"இஞ்சாருங்கோ, ஒவ்வொரு நாள் இரவும் சாப்பிட்டாப் பிறகு, வாய்வுக்கெண்டு நான் கலக்கித் தாறது என்ன?"

"சரி. பந்தல்காரனுக்கு நீயே சொல்லு" என்றேன்.