அக்கா படுத்துப் பார்த்த சீலிங்

என் அக்கா ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். உயரம் என்றாலே நடுங்குவாள். நாற்காலியில் ஏறி பல்பு மாட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அப்பேர்ப்பட்டவள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

அவள் வீட்டுக்காரர், என் மாமா, பெயிண்டர். வேலைக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷன் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

வந்தவர் போனவரெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். “மனச விட்டுடாதீங்க மாமா, எல்லாம் சரியாயிடும்” என்று நானும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். ஊஹும்! சுவரிடம் பேசியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஊட்டப் போன ஸ்பூனைத் தட்டிவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கத்த வாயெடுத்தவளை அக்கா கண்ணாலேயே அடக்கினாள். சிந்தியதைத் துடைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அவர் பக்கத்தில் ஒடுங்கி மல்லாந்து படுத்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே பார்த்தாள்.

“அய்யய்யே! இதையா நாள் பூரா பாத்துக்கிட்டு கிடக்கீங்க?”

நானும் குனிந்து அண்ணாந்து பார்த்தேன். அடுத்தவர் வீடுகளுக்கெல்லாம் வழுவழுவென்று பட்டி பூசிக் கொடுத்தவர், தன் வீட்டுச் சீலிங்கை மட்டும் ஏனோதானோவென்று ஒப்பேற்றியிருந்தார். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. படுத்தால், ஜன்னல் வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாகப் பல்லிளித்தது.

மாமாவின் உதடு அசைந்தது. “பட்டி... சரியா தேய்க்கல.”

அக்கா எழுந்து போனாள். கொல்லையில் கிடந்த அவருடைய ஏணியை இழுத்து வந்து கட்டிலோரம் நிறுத்தினாள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஏறினாள். கால் வெடவெடவென்று ஆடியது.

“அக்கா, உனக்கென்ன பைத்தியமா? இறங்குக்கா!”

“ஏய், பாத்துடி! ஏணி ஆடுது!” கத்தியது மாமா! அடுத்த அதட்டல் எனக்கு. “நீ என்ன வேடிக்க பாக்குற? போய் பிடி!”

பிடித்தேன். அக்கா தேய்க்கத் தேய்க்க அவர் முகத்தில் தூள் கொட்டியது. துடைக்கப் போனால், “மறைக்காத” என்று சீறினார். “இடது பக்கம்... அங்க இல்லடி, ஒரு சாண் தள்ளி... ஆங், அதான்!” மேலே நின்றவளுக்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. படுத்திருந்தவருக்குத்தான் தெரிந்தது. அந்தக் கட்டிலில் அவர் இல்லாவிட்டால் அந்த வேலையே நடக்காது. அடேயப்பா!

அக்கா தலை முதல் கால் வரை வெள்ளையாக இறங்கி வந்தாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாதிதான்டி முடிஞ்சிருக்கு. மிச்சத்த நாளைக்குப் பாக்கணும்.” உதட்டில் ஒட்டியிருந்த தூளைத் துப்பினார். “பசிக்குது. சாப்பிட என்ன இருக்கு?”

அவர் விழுந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அக்கா. ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான்தான் ஓடிப்போய்ச் சோறு போட்டு எடுத்து வந்தேன்.