பெயின்டுக்கு அடியில் இருந்த எட்டு: விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை

“நம்பர் என்னங்க டீச்சர்?”

1987 மார்ச்சில், திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே சுற்றும் செம்புக் கம்பிச் சுருள், கட்டும் பாஷா பாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே பழகிய நான் அன்று தப்பான பதில் சொன்னேன். சென்ற மாதம் அதே வழியில் பேருந்தில் போனபோது அந்தப் பயணம் நினைவுக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் தம்பி ஏழுமலைக்கு விக்கிரவாண்டி பக்கத்தில் நிலம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூத்து, காய் பிடிக்கும் ஊசி மண்ணுக்குள் இறங்கும் சமயம். அப்போது தண்ணீர் கிடைக்காவிட்டால் செடி இருக்கும், காய் இருக்காது. அந்த நேரம் பார்த்துக் கிணற்று மோட்டார் காயில் புகைந்தது. விழுப்புரத்தில் கட்டி வாங்கினோம். பதினோராம் நாள் மறுபடி புகைந்தது. தண்ணீர் இல்லாமல் செடி அதிகம் போனால் நான்கு நாள் தாங்கும் என்றான் தம்பி. என்னோடு வேலை பார்த்த ஒருவரிடமிருந்து அந்த மோட்டாரைப் பழசாக வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறுத்தல்.

இந்த முறை திண்டிவனத்து பாயிடமே கொண்டுபோவது என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலை 7.10க்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் அறுபது காசு. 7.35க்கு விக்கிரவாண்டியில் தம்பி மோட்டாரோடு நின்றிருந்தான். இரண்டு பேர் சேர்ந்து அதை பஸ்ஸின் மேல் கேரியரில் ஏற்றினார்கள். “புள்ளைய மேல ஏத்திட்டு நீங்க உள்ள குந்திக்கினு வர்றீங்களே” என்று கண்டக்டர் லக்கேஜ் சீட்டைக் கிழித்தார். 8.20க்குத் திண்டிவனம். அங்கிருந்து கைவண்டியில் பாய் கடைக்கு.

நம்பர் கேட்ட பாயிடம், ஐந்து குதிரைத்திறன் என்றேன்.

“அது பவருங்க. நான் இதோட நம்பர் கேக்கறேன்.”

ஒரே வகுப்பில் இரண்டு கலைவாணி இருந்தால் நான் என்ன செய்வேன்? வருகை எண்ணைப் பார்ப்பேன். அது புரிந்தது. ஆனால் மோட்டாரில் எண் பொறித்த தகடு எங்கே? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தம்பி அதைக் குளிப்பாட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறான். தகட்டுக்கும் சேர்த்துத்தான் பெயின்ட்.

“கரண்டுதான் பாய் பேஜாரு. கம்மி வோல்டேஜி. ஜல்தியா கட்டிக் குடுத்துடுங்க, சாயங்காலம் தண்ணி பாய்ச்சணும்” என்றான் தம்பி.

பாய் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். அவர் கைக்கு வந்த ஒவ்வொரு மோட்டாரும் அதில் இருந்தது: எத்தனை சுற்று, என்ன கம்பி, என்ன கோளாறு. எல்லாம் மோட்டார் எண்ணின்கீழ். சொந்தக்காரர் பெயரில் எழுதக் கூடாதா என்று கேட்டேன். “ஆளு மாறிக்கினே இருப்பாங்க டீச்சர். மோட்டாரு அதேதான?” என்றார்.

பள்ளி மாறும் பிள்ளையோடு மாற்றுச் சான்றிதழ் போகிறது. மோட்டாருக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த நோட்டுதான் அதன் சான்றிதழ்.

தம்பி உளியை எடுக்க, பாய் தடுத்தார். எழுத்தும் போய்விடுமாம். பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியைத் தகட்டின்மேல் போட்டுவிட்டு டீ குடித்தோம். பிறகு துடைத்தால் பச்சை, இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் முந்தைய சொந்தக்காரரின் நீலம். கடைசியில் 471 தெரிந்தது. நான்காவது எண் மூன்றா, எட்டா? நோட்டில் இரண்டுமே இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே திறன். பாய் இரண்டையும் படித்துச் சொன்னார்:

“மூணுன்னா வெறும் காயில்தான், இன்னிக்கே தந்துடறேன். எட்டுன்னா பேரிங் உக்கார்ற எடம் தேஞ்சது. சூடு ஏறினா உள்ள ஆடும், ஒரசும். எத்தினி வாட்டி கட்டினாலும் எரியும். அப்பவே சொன்னேன், முன்னாடி கொண்டாந்தவரு வேணாம்னுட்டாரு. கடைசல் பட்டறையில லேத்துல குடுத்து அந்த எடத்த சரி பண்ணணும், திங்கக்கெழமை ஆயிடும்.”

“மூணுதான் பாய். பாத்தாலே தெரியுது” என்றான் தம்பி, குனிந்துகூடப் பார்க்காமல்.

என் கைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் கிடக்கும். அதைப் பொடித்து, தகட்டில் தேய்த்து, விரலால் வழித்தேன். பள்ளங்களில் மட்டும் வெள்ளை நின்றது. எட்டு.

இப்போதுதான் தம்பி குனிந்து பார்த்தான். பாய் மூடியைக் கழற்றி, தேய்ந்த இடத்தை அவன் விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். “சரி அக்கா, லேத்துக்கே போவட்டும். மல்லாட்டை எனக்காக ரெண்டு நாளு பொறுக்கும்” என்றான். அவன் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

திங்கள் மாலை மோட்டார் ஓடியது. மேட்டிலிருந்த இரண்டு பாத்திகள் காய்ந்துபோயின, மற்றவை பிழைத்தன. அதன்பின் அந்தக் காயில் புகையவே இல்லை. சனிக்கிழமையே காயிலை மட்டும் கட்டி வாங்கியிருந்தால் இன்னும் பதினோரு நாளில் அது மறுபடி புகைந்து, முழு வயலும் போயிருக்கும்.

இப்போது புது மோட்டார்களில் கறுப்புக் கட்டங்கள் நிறைந்த சதுரம் ஒன்று ஒட்டி வருகிறது. போனைக் காட்டினால் எந்த ஆலையில், என்று செய்தது என்றெல்லாம் சொல்கிறது. பாயின் நோட்டைவிடப் பெரிய நோட்டு எங்கோ இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தவர் அதில் எழுதினால்தானே அடுத்தவருக்குத் தெரியும்? சென்ற மாதம் போன வீட்டில் அந்தச் சதுரத்தின் மேலும் சந்தனம் அப்பியிருந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: எல்லாப் பேருந்தும் திண்டிவனம் ஊருக்குள் போவதில்லை, ஏறுமுன் கண்டக்டரிடம் கேளுங்கள்.

இன்று வீட்டு மோட்டாரின் தகட்டில் சாக்பீஸ் தேய்த்து, தெரியும் எண்ணை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.