ஏழாம் வகுப்பு வரைந்த எல்லை

தொண்ணூறுகளின் நடுவில், கேரளத்தின் தெற்கு எல்லையில் உள்ள பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி ஆசிரியனாக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வரும் மேற்பார்வை ஆசிரியை என் வகுப்பைப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் சான்றிதழ். இது பிள்ளைகளுக்கும் தெரியும்.

அவர் வருவதற்கு முந்தின நாள், மாநிலங்கள் பிரிந்த பாடத்தைத் தொடங்கினேன். பாடக்குறிப்பு ஏட்டில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியிருந்தேன்: மலையாளம் பேசிய இடங்கள் கேரளம் ஆயின, தமிழ் பேசிய இடங்கள் தமிழ்நாடு ஆயின. முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"சாரே, நாங்க வீட்டில தமிழாக்கும் பேசுதது. பின்ன எப்படி கேரளத்தில கெடக்கோம்?"

"ஏட்டி, நீ களியக்காவிளைக்குப் போயிரு!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் முதல் ஊர் அதுதான். வகுப்பே சிரித்தது. நானும் இந்த ஊர்க்காரன். எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

"எல்லை போட்டப்போ உங்க சொந்தக்காரங்க யாரெல்லாம் அந்தப் பக்கம் ஆனாங்க? வீட்டில கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினேன். பாடக்குறிப்பையும் அதற்கேற்ப மாற்றி எழுதினேன்.

மறுநாள் மேற்பார்வை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் மஞ்சள் சாக்பீஸால் எல்லைக்கோடு போட்டேன். ஒவ்வொருவராக வந்து தங்கள் வீட்டையும் சொந்தக்காரர் வீட்டையும் புள்ளி வைத்து இணைத்தார்கள். ஒருவன் தன் அக்காளின் கல்யாணப் பத்திரிகையையே கொண்டுவந்திருந்தான்: ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம்.

"எங்க மாடு தெனமும் தமிழ்நாட்டில மேஞ்சிட்டு வரும் சாரே" என்றான் இன்னொருவன்.

முன் பெஞ்சுப் பெண் தாத்தாவிடம் கேட்டு வந்திருந்தாள். "எங்களையும் அங்கோட்டு, தமிழ்நாட்டில சேக்கணும்னு ஊர்க்காரங்க கேட்டாங்களாம். நடக்கல்லியாம். தென்னந்தோப்பு, வெளையெல்லாம் இங்க கெடக்கதுனால நாங்களும் இங்கயே நின்னோமாம்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. பாடத்தின் முடிவில் கேட்க வேண்டிய மதிப்பீட்டுக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. போச்சு என்று நின்றேன். மேற்பார்வை ஆசிரியை எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். பிள்ளைகள் போட்ட புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் அடியில் மஞ்சள் கோடு மறைந்திருந்தது.

"அதிர்த்தி எவிடே?" எல்லை எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்.

"எங்க மாமிக்க வீட்டுக்கு அடியில போச்சு டீச்சரே!" என்றான் ஒருவன்.

அவர் சிரித்துக்கொண்டே என் ஏட்டை முன் பெஞ்சில் வைத்து எழுதத் தொடங்கினார். 'நேரம் போதவில்லை. நாளையும் இதையே தொடரவும்.' அதன் கீழே கையெழுத்து. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் ஏறி நின்று கூவினாள்:

"மக்கா, சாரு ஜெயிச்சாச்சு!"