அரிசி டப்பாவில் ஒரு ரப்பர் துண்டு

எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குள், வெள்ளைத் துணியில் சுற்றிய ரப்பர் துண்டு ஒன்று கிடக்கிறது. பழுப்பு நிறம், புகை வாடை. என் மாமியார் தந்தது. எதற்கும் உதவாது என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறோம்.

சுனாமிக்குப் பிறகு அவர் வடக்கே பெரிய தீவிலிருக்கும் பத்துபஸ்தியில் எங்களோடு தங்க வந்தார். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். மாமனாரை அலை கொண்டுபோயிருந்தது, உடல் கிடைக்கவில்லை. வேறு ஏதாவது தீவில் கரையேறியிருப்பார் என்று அத்தை நம்பினார். காலையில் எழுந்ததும் ஒரே கேள்விதான்: “கப்பல் எப்ப வரும் தம்பி?” மற்றபடி பேச்சில்லை. சாப்பாடும் பேருக்குத்தான். கடல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அம்மாவையும் இழந்துவிடுவோமோ என்று என் மனைவி பயந்தாள். எனக்கும் பயம்தான்.

நான் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். ஊர் இருந்த நிலையில் வெட்கமாகத்தான் இருந்தது; ஆனாலும் ஞாயிறுகளில் பால்சா மரத்தில் விமானம் கட்டுவதை விடவில்லை. சென்னையிலிருந்து கப்பலில் வரும் அந்த மரம் ஊதினால் பறக்கும். மெல்லிய காகிதம் ஒட்டிய உடலுக்குள் ஒரு ரப்பர் நாடா. முறுக்கிவிட்டால் அது பிரிகிற வேகத்தில் முன்னாலிருக்கும் விசிறி சுழலும். எங்கள் ஊர் வெக்கையில் நாடா அடிக்கடி அறுந்து விமானத்தின் வயிற்றைக் கிழித்துவிடும். அப்படி ஒருநாள் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அத்தை அறுந்த நாடாவை எடுத்து இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார்.

“இது பேக்கார் ரப்பர் தம்பி, ஒண்ணுக்கும் ஆவாது. நம்ம ரப்பர் தாரேன்.”

கப்பலைப் பற்றி இல்லாத முதல் பேச்சு அது.

தோட்டத்துச் சிநேகிதி ஒருத்தியிடமிருந்து ரப்பர் ஷீட் வாங்கிவந்து, பிளேடால் அளவாக நறுக்கித் தந்தார். கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பர், இழுத்தால் சரியாகத் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. பறக்கவிட வண்டூர்க் கடற்கரைக்குத்தான் போகவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நம்ம ரப்பராச்சே” என்று கிளம்பிவிட்டார்.

நினைத்தபடியே ஆயிற்று. விசிறி சோம்பலாகச் சுற்றி நின்றது. விமானம் அவர் காலடியில் மூக்குக் குப்புற விழுந்தது. நான் கூனிக்குறுகிப் போனேன். அத்தை தொய்ந்த நாடாவைக் கையில் வைத்துப் பார்த்தார்.

“முப்பது வருசம் பால் வெட்டுனேன். அது அப்பறம் என்னாவாகுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. உங்களத மாட்டுங்க.”

புது நாடாவில் விளக்கெண்ணெய் தடவி மாட்டி, அவரையே முறுக்கச் சொன்னேன். விட்டதும் தென்னைக்கு மேல் ஏறியது. காற்று அதைப் பிடித்துக் கடலுக்குள் கொண்டுபோனது. அத்தனை மாதமும் கடலைப் பாராதவர், அது புள்ளியாகித் தண்ணீரில் விழுகிறவரை பார்த்தார். விழுந்த பிறகும் பார்த்தார்.

“அவ்வளவு தூரம் போனது திரும்பாது தம்பி” என்றார். பிறகு, பசிக்கிறது என்றார். கடையில் இரண்டாம் முறை பூரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையிலும் கப்பலைத்தான் கேட்டார். “கச்சாலுக்குக் கப்பல் எப்ப போகும் தம்பி? மரமெல்லாம் நிக்குதான்னு பாக்கணும்.”

போனவர் அங்கேயே இருந்துவிட்டார். போன் கிடைக்கும்போதெல்லாம், “நம்ம ரப்பர் இருக்கா?” என்பார். அரிசிக்குள் பத்திரமாக இருக்கிறது என்பேன்.

“வேலைக்காவாத சாமான், தூக்கிப் போடுங்க” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் அதைப் போடவில்லை.